செருப்பு கழன்றது தெரியாத கால்

மும்பை புறநகர் ரெயிலில் "நான்காவது சீட்" என்று ஒன்று உண்டு. மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆள் ஒட்டிக்கொள்ளும் ஓரம்தான் அது. பாதி உடம்பு பலகையில் இருக்கும். மீதிப் பாதி அந்தரத்தில் தொங்கும். அம்பர்நாத்திலும் டோம்பிவிலியிலும் ஏறி கோட்டைப் பகுதிக்கு வேலைக்கு வரும் தமிழர்களில், அந்த ஓரத்தில் ஒரு நாளாவது உட்காராதவர் இருக்க மாட்டார்.

தாதர் வருவதற்குள் ஒரு கால் மரத்துவிடும். எழுந்து நின்றால் கால் தரையில் பட்டதா இல்லையா என்று தெரியாது. கையால் தொட்டால் யாருடைய காலையோ தொடுவது போல இருக்கும். பிறகு ஆயிரம் எறும்பு ஊர்வது போல சுறுசுறு என்று ஏறும். இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

"ரத்த ஓட்டம் நின்று போச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் காரணம் சொல்வார். அது முழு உண்மை அல்ல. பலகையின் விளிம்பு தொடையின் பின்புறம் ஓடும் நரம்பை அமுக்கிவிட்டது. அந்த நரம்புக்குள் ஓடும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களும் நசுங்கின. சேதி போகும் வழி அடைபட்டது. அமுக்கம் நீங்கியதும் வழி திறந்தது. அவ்வளவுதான்.

இரண்டு நிமிடத்தில் உணர்ச்சி திரும்பினால் கவலை இல்லை. திரும்பாமலே போகும் கால்களும் உண்டு. அந்தக் கால்கள் வலிப்பதில்லை. அதனால் கால்காரருக்கே அது தெரிவதில்லை!

எது நரம்பு?

தமிழில் "நரம்பு" என்ற சொல் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. கெண்டைக்காலில் நீல நிறத்தில் நெளிந்து புடைத்திருப்பதை "நரம்புச் சுருட்டல்" என்கிறார்கள். அது நரம்பே அல்ல, ரத்தக் குழாய். குதிகாலுக்கு மேலே கயிறு போல விறைத்து நிற்பதையும் நரம்பு என்பார்கள். அது சதையை எலும்போடு கட்டும் தசைநாண்.

உண்மையான நரம்பு வெள்ளைக் கயிறு போல இருக்கும். டெலிபோன் கேபிளுக்குள் எத்தனையோ மெல்லிய கம்பிகள் இருப்பது போல, அதற்குள்ளும் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அந்த இழைகளில் முக்கியமானவை இரண்டு வகை.

ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிச்செல்லும் தபாலுக்கு ஒரு பதிவேடு, உள்வரும் தபாலுக்கு ஒரு பதிவேடு என்று இருக்கிறதே, அதே ஏற்பாடுதான். "காலைத் தூக்கு", "விரலை மடக்கு" என்று சதைக்குப் போகும் உத்தரவு வெளித்தபால். "கல் குத்துகிறது", "தரை சுடுகிறது" என்று தோலிலிருந்து வரும் சேதி உள்தபால்.

சில நோய்கள் ஒரு தபாலை மட்டும் நிறுத்தும். இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ, உத்தரவு அனுப்பும் உயிரணுக்களை முதுகுத்தண்டிலேயே அழித்துவிடும். கால் சூம்பிப் போகும். ஆனால் தோலில் உணர்ச்சி குறையாது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியின் தாக்குதல் கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27-ந் தேதி நாடு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த நோய் தாக்கிய கால்களோடு வாழ்கிறவர்கள் இன்றும் பல லட்சம் பேர். அவர்கள் காலில் ஒரு முள் குத்தினால் உடனே தெரியும். கால் மெலிந்திருந்தாலும் புண்படாமல் காத்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர்மாறான கால் ஒன்று இருக்கிறது. நன்றாக நடக்கும், ஓடும், படி ஏறும். உள்தபால் மட்டும் வராது. அந்தக் கால்தான் அதிகம் அழிகிறது.

ஒரு மீட்டர் நீள இழை

காலுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இருந்து புறப்படுகின்றன. முன்பக்கமாக இறங்குவது தொடை நரம்பு. முழங்காலை நீட்டும் பெரிய சதைக்கு உத்தரவு கொண்டுபோவது இதுதான். இது கெட்டால் படி ஏறும்போது முழங்கால் மடங்கி விழும். இதன் கிளை ஒன்று காலின் உட்புறத் தோல் வழியாகக் கணுக்கால் வரை இறங்குகிறது. இரு தொடைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்க்கும் சதைகளுக்குத் தனியாக ஒரு நரம்பு உண்டு.

பின்பக்கமாக இறங்குவது "சயாட்டிக்" நரம்பு. மனித உடம்பிலேயே தடித்த நரம்பு இதுதான். விரல் பருமன் இருக்கும். பிட்டத்தின் அடியில் புகுந்து, தொடையின் பின்புறமாக ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது.

ஒரு பிரிவு நேராக ஆடுசதைக்குள் இறங்கும். ஆழமாகவே ஓடி, உள்கணுக்கால் எலும்பின் பின்னால் வெளிப்பட்டு, உள்ளங்காலுக்குப் போய்ச் சேரும். நுனிக்காலில் எம்பி நிற்பது இதன் வேலை. உள்ளங்காலின் உணர்ச்சியும் பெரும்பாலும் இதன் பொறுப்பு.

இன்னொரு பிரிவு வெளிப்பக்கமாக ஒதுங்கி, முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரும். பாதத்தை மேலே தூக்குவது இதன் வேலை. புறங்கால் தோலின் உணர்ச்சியும் இதனுடையது.

இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரே உயிரணுவின் இழை, கட்டை விரல் வரை ஒட்டுப்போடாமல் நீள்கிறது. வளர்ந்த மனிதனுக்கு அந்த இழையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர்! அதில் உத்தரவு போகும் வேகம் வினாடிக்குச் சுமார் 50 மீட்டர். மணிக்கு 180 கிலோ மீட்டர் என்று கணக்கு வரும். எந்த லோக்கல் ரெயிலும் அந்த வேகத்தில் போகாது.

வலியைச் சொல்லும் இழைகளில் சில மட்டும் சாதா பாசஞ்சர் வண்டி. வினாடிக்கு ஒரு மீட்டர்தான் நகரும். காலைக் கல்லில் இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரிகிறது. "அம்மா" என்று அலற வைக்கும் வலி சற்றுத் தாமதித்து வருகிறது. காரணம் இதுதான்.

குந்தி உட்கார்ந்தால்...

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் ஒரு குமிழ் எலும்பு தட்டுப்படும். அதற்கு ஒரு விரற்கடை கீழேதான் அந்த வெளிப்பிரிவு நரம்பு திரும்புகிறது. மேலே தோல், கீழே எலும்பு. நடுவில் பாதுகாப்புக்குச் சதை கிடையாது. காலின் நரம்புகளிலேயே எளிதில் அடிபடும் இடம் இதுதான்.

டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்தே நகர்கிறார். முழங்கால் முழுவதும் மடங்கிய நிலையில் அந்த நரம்பு இறுகி நசுங்குகிறது. நாற்காலியில் மணிக்கணக்காகக் கால் மேல் கால் போட்டு உட்காரும் குமாஸ்தாவுக்கும் இது நேரலாம். ஆள் மெலிந்தவராக இருந்தால் ஆபத்து அதிகம். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடும்போது அந்த இடம் இறுகிப் போனாலும் இதே கதைதான்.

மறுநாள் எழுந்தால் பாதம் மேலே தூக்காது. செருப்பின் முனை தரையில் தேயும். தடுக்காமல் இருக்க, தண்ணீருக்குள் நடப்பவர் போல முழங்காலை உயரத் தூக்கி வைத்து நடப்பார். "பக்கவாதம் வந்துவிட்டது" என்று வீடே அலறும். கையும் முகமும் சரியாக இருந்து, பாதம் மட்டும் தொங்கினால், பெரும்பாலும் கோளாறு முழங்கால் பக்கத்திலோ இடுப்பிலோ இருக்கும். எங்கே என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நசுங்கிய நரம்பு, காரணத்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானாகத் தெளியும். உள்ளிருக்கும் இழையே அறுந்துபோனால் அது மறுபடி முளைக்க வேண்டும். முளைக்கும் வேகம் நாளைக்கு ஒரு மில்லி மீட்டர். முழங்காலில் இருந்து பாதம் வரை வந்து சேர ஓர் ஆண்டு ஆகிவிடும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடக்க வேண்டும். முடிந்தால் இந்த வெளிப்பிரிவு வேலை செய்கிறது. பிறகு நுனிக்காலில் பத்து அடி. முடிந்தால் ஆடுசதை நரம்பும் சரி.

பெல்ட்டை இறுக்கிக் கட்டுவோருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து மரக்கும். அது தோலுக்கு மட்டும் போகும் ஒரு சிறு நரம்பு. பெல்ட்டைத் தளர்த்தினால் பெரும்பாலும் போதும்.

ஊசி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் என்று போய் "ஒரு ஊசி போடுங்க" என்று தாமே கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிட்டத்தின் நடுவிலோ கீழ்ப்பகுதியிலோ ஊசி இறங்கினால் சயாட்டிக் நரம்பில் பட்டுவிடும். பிட்டத்தில்தான் போட வேண்டும் என்றால் மேல்பக்க வெளி மூலையில் போட வேண்டும். போட்ட நிமிடமே கால் முழுவதும் மின்னல் போல வலித்தால், ஊசியை உடனே எடுக்கச் சொல்ல வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகெலும்புக்கு இடையில் உள்ள வட்டு பிதுங்கி, நரம்பின் வேரையே அழுத்தும். இடுப்பில் இருந்து பாதம் வரை வலி பாயும். இருமினால், தும்மினால் பொறி பறக்கும். பலருக்கு சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடுகிறது. ஆனால் இரு கால்களும் மரத்து, உட்காரும் இடத்திலும் உணர்ச்சி போய், சிறுநீர் இறங்காமல் நின்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் சிறுநீர் கழிக்கும் சக்தியே நிரந்தரமாகப் போய்விடலாம்.

இவை எல்லாம் பெரும்பாலும் வலிக்கிற நோய்கள், அல்லது நடையைக் கெடுக்கிற நோய்கள். எப்படியும் ஆளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடும். வலிக்காத கால்தான் போகாமல் நின்றுவிடுகிறது.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

வலி இல்லாத காலின் ரகசியத்தை உலகத்துக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். பெயரைக் கேட்டு எங்கோ பிறந்தவர் என்று நினைக்க வேண்டாம். பிறந்தது கொல்லிமலையில், 1914-ம் ஆண்டு. பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயப் பாதிரிமார். லண்டனில் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோய் சதையைத் தின்கிறது, அதனால்தான் விரல்கள் உதிர்கின்றன என்று அந்நாளில் டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் பார்த்தது வேறு. நோயாளியின் சதை நல்ல சதை. வெட்டித் தைத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறுகிறது. கெட்டது நரம்பு மட்டும்தான். வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தைக் கையால் தூக்குகிறார்கள். ஆணி ஏறிய காலோடு அன்று முழுவதும் நடக்கிறார்கள். காலையில் எழுந்தால் சிலர் விரலில் ஒரு பகுதியைக் காணோம். காவல் இருந்து பார்த்தபோது, இரவில் எலி கடித்தது தெரிந்தது! கடித்தும் விழிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். தோலுக்கு அருகே நரம்பு ஓடும் இடங்களில் தங்குகிறது. காலில் அப்படிப்பட்ட முக்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, முழங்காலுக்கு வெளியே உள்ள அதே குமிழ் எலும்பு. அங்கே கெட்டால் பாதம் தொங்கும். மற்றொன்று, உள்கணுக்காலின் பின்புறம். அங்கே கெட்டால் உள்ளங்கால் மரக்கும்.

ஆடுசதைக்குள் ஆழமாக ஓடும் நரம்பு கதகதப்பில் இருப்பதால் தப்பிவிடுகிறது. அதனால் பாதத்தை உட்பக்கம் இழுக்கும் சதை ஒன்று நல்ல நிலையில் மிஞ்சுகிறது. அதன் தசைநாணைக் கழற்றி, காலின் முன்பக்கம் கொண்டுவந்து தைத்தால் தொங்கிய பாதம் மேலே எழும்பும். ஒரு பிரிவில் இருக்கும் நல்ல ஆளை, ஆள் இல்லாத பிரிவுக்கு மாற்றுவது போல!

உள்ளங்கால் புண்களுக்கு பிராண்ட் மாவுக்கட்டு போட்டார். அதிலேயே புண் ஆறியது. ஆறிய பிறகு போட மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்பு தைக்கச் செய்தார். பார்வைக்குச் சாதாரணச் செருப்பு. எத்தனையோ பேரின் பாதத்தைக் காப்பாற்றியது அது.

லண்டனில் ஒரு இரவு

அவரே தம் புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவில் இருந்து கப்பலில் இங்கிலாந்து வந்தவர், ரெயிலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். உடம்பு சரியில்லை. ஓட்டல் அறையில் காலுறையைக் கழற்றியபோது திடுக்கிட்டார். ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லை!

ஓர் ஊசியை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்தினார். வலிக்கவில்லை. ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. எத்தனை நோயாளிகளுக்குத் தம் கையாலேயே செய்த சோதனை! இப்போது தம் காலிலேயே அதன் விடை தெரிந்தது. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். அன்று இரவு முழுவதும் தூக்கம் இல்லை. மனைவி, பிள்ளைகள், வேலை எல்லாம் என்ன ஆகும் என்று எண்ணி எண்ணிப் படுத்திருந்தார்.

விடிந்தது. மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். வலி தாங்காமல் அலறிவிட்டார்!

நடந்தது வேறொன்றும் இல்லை. உடல்நலக் குறைவோடு ரெயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அமுங்கி மரத்திருந்தது. நான்காவது சீட்டில் நடப்பதேதான், கொஞ்சம் அதிகமாக. அந்த வலியைப் போல இன்பம் தந்தது வேறில்லை என்கிற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். 2003-ல் அவர் காலமானார்.

சர்க்கரைக்காரர் கால்

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொழுநோயாளிகள் காலுக்குச் செய்ததையே சர்க்கரை வியாதிக்காரர்கள் காலுக்கும் செய்யலாம் என்று அங்கே பலருக்குப் புரிய வைத்தார். மரத்த கால், மரத்த கால்தான். காரணம் எதுவானால் என்ன?

சர்க்கரை வியாதி நீளமான நரம்பை முதலில் பிடிக்கும். ஒரு மீட்டர் நீள இழைதான் முதல் பலி. அதனால்தான் மதமதப்பு கால் விரல்களில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மெதுவாக மேலே ஏறுகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது.

ஆரம்ப அடையாளங்களில் ஒன்று, நடந்து போகும்போது செருப்பு கழன்று விழுவது. கூட்டத்தில் செருப்பு போவது எல்லோருக்கும் நடக்கும். ஆனால் கழன்ற அடுத்த நொடியே வெறுங்கால் தரையைச் சொல்லிவிடும். பத்து அடி தள்ளிப் போய், யாராவது கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்க்கிறார் என்றால், அது செருப்பின் குற்றம் அல்ல. அவர் அடுத்த நாளே பாதத்தைக் காட்ட வேண்டியவர்.

கால் மரத்தவர் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அறை எடுத்துத் தங்கியிருப்பவர் அறைத் தோழரைப் பார்க்கச் சொல்லலாம். சூடான தண்ணீரைக் காலால் சோதிக்கக் கூடாது. முழங்கையால் சோதிக்க வேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவக் கூடாது. வெயில் நேரத்தில் கோவில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வந்து, வீடு திரும்பிக் கொப்புளத்தைக் கண்டவர்கள் எத்தனையோ பேர். போடும் முன் செருப்பையும் ஷூவையும் தட்டிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே கிடந்த ஒரு சிறு கல்லோடு நாள் முழுவதும் நடந்தவர்கள் உண்டு.

மறைப்பதால் வரும் நஷ்டம்

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது என்ற நிலை 2005-ல் வந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேர் அளவுக்குப் புதிதாக இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள்.

வெளியூரில் பிழைப்பவருக்கு இதில் தனிக் கஷ்டம் இருக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தெரிந்தால், அறைக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, வேலை போகுமோ என்று முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறார். மறைத்து வைக்கும் ஆறு மாதத்தில்தான் நரம்பு சாகிறது. நரம்பு பலவீனம் புதிதாக வந்தது என்றால், ஆறு மாதத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. அதற்கு மேல் போனால் நோய் குணமாகும். கால் திரும்புவது கடினம்.

கூட்டு மருந்துச் சிகிச்சை நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோதான். அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். மருந்து தொடங்கியதுமே நோய் பிறருக்குப் பரவும் சக்தி போய்விடுகிறது. ஆகவே ஊரை விட்டோ வீட்டை விட்டோ போக வேண்டியதில்லை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த சட்டப் பிரிவையும் 2019-ல் நீக்கிவிட்டார்கள்.

மும்பையில் தாராவிக்குப் பக்கத்தில், வடாலாவில், 1890-ல் தொடங்கிய ஆக்வொர்த் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. கதியற்றவர்களை அடைத்து வைக்கும் விடுதியாகத் தொடங்கிய இடம் அது. பின்னாளில் மாநகராட்சியின் சிகிச்சை நிலையம் ஆனது.

மரத்த காலுக்குச் செய்யும் முதல் சோதனைக்கு ஊசி தேவையில்லை. டாக்டர் கையில் ஒரு நைலான் இழை இருக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டாக்டர் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு எடுப்பார். தொட்டது தெரிந்தால் "தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கூட ஆகாது.